சாலை விபத்து: உயிர் காக்கும் விதிகளும் இழப்பீட்டு உரிமையும்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. அவற்றில் 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இந்தக் கணக்கில், விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். வேலைக்குப் போகும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ இறப்பவர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுபவர். எனவே ஒவ்வொரு சாலை மரணமும் ஒரு வீட்டின் வருமானம் நின்றுபோவதும் ஆகும்.

விபத்தைத் தடுப்பதற்கும், நடந்த பிறகு பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வதற்கும் இந்தியாவில் அடிப்படையாக இருப்பது ஒரே சட்டம்: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இது, 2019இல் விரிவாகத் திருத்தப்பட்டது. காப்பீடு, இழப்பீடு தொடர்பான திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் செயல்படுகின்றன. இந்தச் சட்டத்தின்படி ஓட்டுநர் உரிமம், காப்பீடு, பதிவுச் சான்று ஆகியவை இருமுறை பயன்படுகின்றன. விபத்துக்கு முன் அவை பாதுகாப்பு விதிகள்; விபத்துக்குப் பின், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சான்றுகள். உரிமையைச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தந்திருக்கிறது. அது பணமாகக் கைக்கு வருவது, விபத்து நடந்த நாளிலிருந்து சேரும் பதிவுகளைப் பொறுத்தது.

தடுக்கக்கூடிய மரணங்கள்

2022இல் சாலையில் இறந்தவர்களில் 71 விழுக்காட்டினரின் மரணத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். குறுக்கே ஆள் வருவதைக் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 40 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போகும்போது அடி இரண்டு மடங்காக அல்ல, நான்கு மடங்காக விழுகிறது.

அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். சட்டத்தின் 129ஆவது பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. அது தாடைக்குக் கீழே வாரால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்து, போலீஸ் நிற்கும் வளைவுக்கு முன் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கவசமும், வார் தொங்க அணியும் கவசமும் மோதிய உடனேயே தெறித்துவிடும். மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிம இடைநீக்கமும் உண்டு. காரில் சீட் பெல்ட் போடாவிட்டாலும் அபராதம் 1,000 ரூபாய்தான்.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பெற்றோர் அல்லது வாகன உரிமையாளர் மீது விழும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

பழி எப்போதும் ஓட்டுபவர் மீது மட்டும் விழுவதில்லை. 2019இல் சேர்க்கப்பட்ட 198அ பிரிவின்படி, சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ விதிக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்காததால் ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சாலைப் பாதுகாப்பில் நாடு தழுவிய மாற்றத்துக்கு வழிவகுத்த வழக்கு கோயம்புத்தூரிலிருந்து போனது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்த கைகால்களைத் தினமும் பார்த்தவர். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது அந்த வழக்கில்தான். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டுக்கும் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற நடைமுறையும் அதே வழக்கில் பிறந்தது.

முதல் மணி நேரம்

விபத்தில் சிக்கிய வாகனத்தின் ஓட்டுநருக்கு 134ஆவது பிரிவு மூன்று கடமைகளை விதிக்கிறது: காயமடைந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, காவல் துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தருவது, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. கூடிய கூட்டம் அடித்துவிடுமோ என்ற அச்சம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. கூட்டத்தின் ஆத்திரத்தால் உதவ முடியாத நிலையைச் சட்டமே விலக்காகச் சொல்கிறது. ஆனால் அது நின்று உதவ முடியாததற்கு மட்டுமே காரணமாகும்; காவல் நிலையத்துக்குப் போகாமல் தலைமறைவாவதற்கு ஆகாது.

வழிப்போக்கர்கள் உதவத் தயங்குவதற்குக் காரணம் ‘கேஸு, கோர்ட்டு’ என்ற பயம். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பயத்தைப் போக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு தந்தது. 2019இல் 134அ பிரிவாக அதுவே சட்டத்தில் ஏறியது. உதவிக்கு வந்தவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கக் கூடாது. அவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. சாட்சியாவது அவர் விருப்பம்.

மருத்துவமனைக்கும் தட்டிக்கழிக்க இடமில்லை. ‘போலீஸ் கேஸ், அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிடக் கூடாது, முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாகத் தருகிறது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பின்னர் இரண்டு லட்சமாக்கப்பட்டது. காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது.

அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடுதான் வழக்கின் முதல் ஆவணம். ‘ஏ.ஆர். காப்பி’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார், மூச்சில் மது வாடை இருந்ததா என்ற விவரங்கள் அதில் பதிவாகும். பதற்றத்தில் வந்தவர், ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்று சொல்லிவிட்டால் அதுவே எழுத்தில் ஏறும். பின்னால் வந்த லாரி இடித்ததால் விழுந்தார் என்பது விடுபட்டுப் போகும். பல மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்துக் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். எனவே அழைத்துச் செல்பவர் அறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்; மோதிய வாகனம் எது, எண் தெரிந்தால் எண் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காவல் நிலையத்தில் சேரும் காகிதங்கள்

புகாரின் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. முன்னதை வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். விபத்து வேறு காவல் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற மறுக்கக் கூடாது என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா உறுதிசெய்கிறது. காயமடைந்தவரைக் காப்பாற்ற ஓடியதில் புகார் சில நாள் தாமதமானால் அதை மட்டும் வைத்து இழப்பீட்டைத் தள்ளக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தாமதத்துக்கான காரணம் புகாரிலேயே இருப்பது நல்லது.

அடுத்து விசாரணை அதிகாரி தயாரிக்கும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். சாலையின் அகலம், நடுக்கோடு, டயர் தேய்ந்த தடம், வண்டிகள் கிடந்த இடம், தெருவிளக்கு இருந்ததா என்பனவெல்லாம் அதில் வரும். எந்த வண்டி எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அந்தப் படத்தில் ஓர் அடி தள்ளிக் குறிக்கப்பட்டாலும், தவறு யார் மேல் என்ற முடிவு மாறிவிடும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் இரு வண்டிகளையும் பார்த்து, சேதம் எங்கே, பிரேக் வேலை செய்ததா, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா என்று எழுதித் தருவார். இவற்றோடு காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவை சேர்ந்தால் வழக்குக்கான அடிப்படைக் கட்டு முழுமையாகும். இடத்தில் எடுத்த கைபேசிப் படங்களும், அருகில் உள்ள கடையின் கண்காணிப்புக் கேமரா பதிவும் இந்தக் கட்டுக்குப் பெரும் துணை. கேமராப் பதிவுகள் சில நாள்களில் தாமாக அழிந்துவிடுவதால் உடனே கேட்டுப் பெற வேண்டும்.

காவல் துறைக்கும் கால வரையறை உண்டு. 2022இல் வந்த விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரு விபத்து, இரண்டு வழக்குகள்

ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் கிளைக்கின்றன. முதலாவது, ஓட்டுநர் மீது அரசு நடத்தும் குற்ற வழக்கு. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, காயம் ஏற்படுத்தியதற்கு 125ஆவது பிரிவு, மரணம் விளைவித்ததற்கு 106ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்த மரணத்துக்கான உச்ச தண்டனை இப்போது ஐந்து ஆண்டு. மரணம் விளைவித்துவிட்டுத் தப்பியோடுபவருக்குப் பத்து ஆண்டு வரை என்ற உட்பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு, நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டாவது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பாதிக்கப்பட்டவர் தொடுக்கும் மனு. எம்.சி.ஓ.பி. எண் பெறும் இந்த மனுவை மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும் தீர்ப்பாயங்களாக இருந்து விசாரிக்கின்றன. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்கக் கூடியது என்ற நிகழ்தகவு போதும். எனவே ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கலாம். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, காத்திருப்பது ஆபத்தும்கூட.

ஆபத்துக்குக் காரணம் கால வரம்பு. 1994இல் நீக்கப்பட்ட வரம்பு 2019 திருத்தத்தால் திரும்பி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். இதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருக்கிறது. என்றாலும் ஆறு மாதத்தையே கணக்காகக் கொள்வது பாதுகாப்பு.

மனுவைக் காயமடைந்தவரும், இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளும் தொடுக்கலாம். மனைவி, மக்கள், பெற்றோர் மட்டுமல்ல. இறந்தவரின் வருமானத்தில் அவரோடு வாழ்ந்த மாமியாரும் பிரதிநிதியே என்று 2021இல் ஜெயஸ்ரீ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த ஊர், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகிய எதிலும் மனுத் தாக்கல் செய்யலாம். உளுந்தூர்பேட்டை அருகே அடிபட்ட நாகர்கோவில்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் அலைய வேண்டியதில்லை.

தொகை எப்படி வருகிறது

மரண வழக்கில் இழப்பீடு நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்ததல்ல. 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உச்ச நீதிமன்றம் கணக்கு முறையை வகுத்துவிட்டது. மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வைக் கூட்ட வேண்டும். சுயதொழில் செய்பவர், ஊதிய உயர்வில்லாத நிலையான சம்பளக்காரர் என்றால் 40 வயதுக்குக் கீழ் 40 விழுக்காடு, 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தரப் பணியாளருக்கு முறையே 50, 30, 15. அதிலிருந்து இறந்தவரின் சொந்தச் செலவைக் கழிக்க வேண்டும்: மணமாகாதவருக்குப் பாதி, சார்ந்திருப்போர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. மீதியை ஆண்டுக் கணக்காக்கி, இறந்தவரின் வயதுக்கான பெருக்கியால் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வயது வரை 18. 31 முதல் 35 வரை 16. 46 முதல் 50 வரை 13. 56 முதல் 60 வரை 9. 65க்கு மேல் 5.

மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 34 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். 40 விழுக்காடு கூட்டினால் 21,000. நால்வர் சார்ந்திருப்பதால் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. பெருக்கி 16. ஆக, வருமான இழப்பு 30,24,000 ரூபாய். இதோடு சொத்திழப்பு, ஈமச் செலவு என்ற தலைப்புகளில் தலா 15,000, துணையிழப்புக்கு 40,000 என்று 2017இல் நிர்ணயிக்கப்பட்ட தொகைகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயரும். இருமுறை உயர்ந்தபின் அவை 18,150, 48,400. துணையிழப்பு மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நால்வருக்கும் 1,93,600, மற்ற இரண்டும் 36,300 சேர, மொத்தம் 32,53,900 ரூபாய். மனுத் தாக்கலான நாளிலிருந்து இதற்கு வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு வழங்கும் தீர்ப்புகளே அதிகம்.

இந்தக் கணக்கில் முதல் எண் தவறினால் எல்லாம் தவறும். மாத வருமானம் 15,000 என்பதைக் காட்ட முடியாமல் தீர்ப்பாயம் 10,000 என்று வைத்துக்கொண்டால் வருமான இழப்பு மட்டும் பத்து லட்சத்து எட்டாயிரம் ரூபாய் குறைகிறது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம், வங்கிக் கணக்கு, கூகுள் பே வரவுகள் என எது இருந்தாலும் உதவும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று சொல்ல முடியாது. கர்நாடகத்தைச் சேர்ந்த காய்கறி வியாபாரி ஒருவர் காலை இழந்த வழக்கில், இப்படிப்பட்டவரிடம் வருமானத்துக்கு ஆவணம் கேட்பது பொருந்தாது என்று கூறி, 2014இல் உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாயை ஏற்றுக்கொண்டது. ‘வீட்டில் சும்மா இருந்தவர்’ என்று எழுதப்படும் இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கு உறுதிசெய்தது.

இறந்தவரிடமும் தவறு இருந்தால் அந்தப் பங்கு கழியும். மேலே சொன்ன கொத்தனார் மீது 20 விழுக்காடு தவறு என்று முடிவானால் 6,50,780 ரூபாய் போய்விடும். ஆனால் விதி மீறியிருந்தார் என்பது மட்டும் போதாது. அந்த மீறலால்தான் விபத்து நடந்தது, அல்லது அடி கூடியது என்று காட்ட வேண்டும். ஒரே பைக்கில் மூவர் சென்றனர் என்பதாலேயே தொகையைக் குறைக்க முடியாது என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் தீர்ப்பு வந்தது. இரண்டு வாகனங்களின் தவறால் பயணி ஒருவர் அடிபட்டால், அவர் இரண்டில் எந்த ஒரு தரப்பிடமும் முழுத் தொகையைப் பெறலாம். அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உயிர் பிழைத்தவரின் உரிமை

காயமடைந்தவருக்குச் சிகிச்சைச் செலவு, மருத்துவமனையில் இருந்த காலத்து வருமான இழப்பு, உடனிருந்தவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதி இழப்பு, இனி ஆகப்போகும் சிகிச்சை எனப் பல தலைப்புகளில் தொகை கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் எதிர்கால வருமான இழப்பும் சேரும். அதில் சொந்தச் செலவைக் கழிப்பதில்லை.

மருத்துவக் குழு ஊனச் சான்றிதழில் எழுதும் விழுக்காடு வேறு, வேலை செய்யும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 விழுக்காடு என்று இருக்கலாம். அவர் ஓட்டுநர் அல்லது தச்சர் என்றால் பிழைப்பு ஏறத்தாழ முழுவதும் போயிற்று. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரலாம். எனவே அடிபட்டவர் என்ன வேலை செய்தார், அந்த வேலைக்கு எந்த உறுப்பு தேவை, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்ற மூன்றையும் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். மருந்துக் கடை ரசீது முதல் ஆட்டோ வாடகைச் சீட்டு வரை தேதி வாரியாக அடுக்கி வைப்பது, செலவைக் காட்டுவதற்கு மட்டுமல்ல, எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை என்பதைக் காட்டுவதற்கும் பயன்படும்.

பணம் தருவது யார்

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதே குற்றம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விளைவு, இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் சொத்தின் மீது விழுவது. வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டவரும் இதில் சிக்குவார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் முடிவாகிவிட்டது.

ஓட்டுநருக்கு உரிய உரிமம் இல்லை என்பது போன்ற மீறல்களில், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைத் தந்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். 2004இல் சுவரன் சிங் வழக்கு இதற்கு அடிப்படை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியதால், இது தொடர்பான மறுப்புகளில் பெரும்பகுதி ஓய்ந்தது.

காப்பீடு கைகொடுக்காத இடங்களும் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் லோடு வேனில் ஆட்களை ஏற்றிச் செல்வது தமிழ்நாட்டில் இன்னும் நிற்கவில்லை. சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிச் சென்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது 2003 முதல் நிலைத்த சட்டம். மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டும் உள்ள பைக்கில் பின்னால் அமர்ந்தவர், அந்த பைக் ஓட்டியவரின் தவறால் அடிபட்டால் அதே பாலிசியில் கேட்க முடியாது. விரிவான பாலிசி இருந்தால் கேட்கலாம். தன் தவறாலேயே இறந்த உரிமையாளர், அவரிடம் இரவல் வாங்கி ஓட்டியவர் ஆகியோரின் குடும்பத்துக்கு, உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் புகலிடம். அதுவும் பாலிசியின் நிபந்தனைக்கு உட்பட்டே கிடைக்கும்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்துக்கொண்டால் காப்பீடு எடுப்பதிலிருந்து விலக்குப் பெறலாம். தீர்ப்பான தொகையை உரிய காலத்தில் கட்டாதபோது மனுதாரர் நிறைவேற்று மனுப் போடுகிறார். நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே போய்ப் பேருந்தை ஜப்தி செய்கிறார். மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘அரசுப் பேருந்து ஜப்தி’ என்ற தலைப்புக்குப் பின்னால் இருப்பது இந்த நடைமுறைதான்.

தவறை நிரூபிக்க இயலாதபோது

யார் தவறு என்று நிரூபிக்கச் சாட்சியே இல்லாத வழக்குகளுக்கு 164ஆவது பிரிவு இருக்கிறது. வாகனம் விபத்தில் சம்பந்தப்பட்டது என்பதைக் காட்டினாலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கிடைக்கும். தொகை நிலையானது, கொத்தனார் குடும்பத்தின் 32 லட்சத்தோடு ஒப்பிட்டால் குறைவு. ஆகவே சாட்சியம் உள்ளவர்கள் 166ஆவது பிரிவில் முழு இழப்பீடு கேட்பதே தக்கது.

இடித்த வாகனம் எதுவென்றே தெரியாதபோது 161ஆவது பிரிவு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இவை 25,000, 12,500 ஆக இருந்தன. இதற்குத் தீர்ப்பாயம் போகத் தேவையில்லை. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பித்தால், மாவட்ட ஆட்சியர் நிலையில் ஒப்புதலாகித் தொகை வங்கிக் கணக்குக்கு வரும். வாகனம் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு வேறு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்ப வேண்டும்.

சமரசம், தீர்ப்பு, மேல்முறையீடு

திருத்தப்பட்ட 149ஆவது பிரிவின்படி, விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் சமரசத் தொகையைச் சொல்ல வேண்டும். மனுதாரர் ஏற்றால் அதுவே தீர்ப்பாகும். நடுவில் மக்கள் நீதிமன்றமும் உண்டு. அங்கே முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒப்புக்கொள்வதற்கு முன், சரளா வர்மா, பிரணய் சேத்தி கணக்கின்படி தன் தொகை எவ்வளவு வரும் என்று மனுதாரர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். சொல்லப்படும் தொகை பெரிதாகத் தோன்றினாலும், கணக்கில் வருவது அதைவிட மிகுதியாக இருக்கலாம்.

தீர்ப்பு அறிவிக்கப்பட்ட 30 நாளுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் வருவாய் வசூல் முறையில் ஆட்சியர் மூலம் வசூலிக்கவும் வழி உண்டு. சிறு பிள்ளைகளின் பங்கு அவர்கள் பதினெட்டு வயது அடையும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கும். தேவைப்பட்டால் வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். தீர்ப்பில் குறையிருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகராறுக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு இல்லை. பணம் கட்ட வேண்டியவர் மேல்முறையீடு செய்தால் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

மருத்துவமனை வராந்தாவிலேயே வந்து வெற்றுக் காகிதத்திலும் வக்காலத்திலும் கையெழுத்து வாங்கும் தரகர்களிடம் குடும்பங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இதில் வருமான வரம்பு பார்ப்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அதன் அலுவலகத்தில் நேரிலோ, 15100 என்ற தொலைபேசி எண்ணிலோ அணுகலாம்.